சும்மா: ஒரு சொல்லின் மேல் ஏற்றிய பழி

‘சும்மா’ தமிழ்ப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று. இலக்கணத்தில் இது வினையடை. வேற்றுமை உருபு ஏற்காது. ‘சும்மாவா’, ‘சும்மாவே’, ‘சும்மாதான்’ என இடைச்சொற்களை மட்டும் ஏற்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் ‘சும்மாங்காட்டியும்’, ‘சும்மனாச்சுக்கும்’ என்று நீளும். மலையாளத்திலும் ‘சும்மா’ உண்டு, கன்னடத்தில் ‘சும்மனெ’. சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் சும்மாடு வேறு சொல். அது சுமையிலிருந்து பிறந்தது; ஒலி ஒப்புமையை வைத்து இரண்டையும் முடிச்சுப் போடுவது சரியல்ல.

இந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் ‘வேலை எதுவும் செய்யாமல்’ என்பதுதான், மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு வேரூன்றியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. நாள்தோறும் கோடிக்கணக்கானோரின் உழைப்பை இல்லாததாக்கும் நம்பிக்கையும் அதுவே.

அண்மையில் ஒரு பள்ளிச் சேர்க்கை மேசையில் அது மீண்டும் ஒருமுறை வெளிப்பட்டது. படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுத்தர் தலை நிமிராமல், “அம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டார். “வீட்ல சும்மாதாங்க இருக்காங்க” என்றார் தந்தை. எழுத்தர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். தாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிறப்புச் சான்றிதழும் படிகளும் அடங்கிய கோப்பு. இன்னொரு கையில் குழந்தை. தோள்பையில் குழந்தைக்கான இட்லி டப்பா. தந்தை கொடுமைக்காரர் அல்லர். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். கேட்டவருக்கும் உறுத்தவில்லை; தாய்கூட மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கு அந்த ஒரு கோடு போதும்.

சொல்லின் பொருளை முறையாகப் பார்க்கலாம். ‘சும்மாவுக்குப் பதினைந்து பொருள்’ என்று ஒரு பட்டியல் ஆண்டுக்கணக்காகக் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. பதினைந்தையும் ரசித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறவர்கள், அவற்றுக்குள் ஓடும் ஒரே சரட்டைப் பார்ப்பதில்லை. ‘சும்மா கொடுத்தார்’ என்றால் விலை வாங்காமல் கொடுத்தார். கொடுத்தது உண்மை. ‘சும்மா வந்தேன்’ என்றால் சொல்லும்படியான காரியம் இல்லாமல் வந்தேன். வந்தது உண்மை. ‘சும்மா சொன்னேன்’ என்பதில் சொன்னது உண்மை, அழுத்தம் மட்டும் இல்லை. ‘சும்மா விடமாட்டேன்’ என்பவர், தண்டனை இல்லாமல் விடமாட்டேன் என்கிறார். ‘பெரியவங்க சும்மாவா சொன்னாங்க’ என்பதில் காரணம் இல்லாமலா என்ற கேள்வி இருக்கிறது. ‘சும்மா சாப்பிடுங்க’ என்று விருந்தாளியை உபசரிக்கும்போது, தயக்கமில்லாமல் சாப்பிடுங்கள் என்று பொருள். ‘சும்மா சும்மா கூப்பிடாதே’ என்றால் தேவையின்றித் திரும்பத் திரும்பக் கூப்பிடாதே. சிறுவன் ஒருவன் ‘சும்மா பட்டையைக் கிளப்பினான்’ என்னும்போதோ சொல் தலைகீழாகவே திரும்பி, முழு மூச்சான செயலைக் குறிக்கிறது.

இவற்றில் ஒன்றிலாவது வினை இல்லாமல் போயிற்றா? கொடுத்தல், வருதல், சொல்லுதல், உண்ணுதல் எல்லாம் நடக்கின்றன. வினையோடு ஒட்டி வரவேண்டிய ஏதோ ஒன்றுதான் இல்லை: விலை, காரணம், அழுத்தம், தண்டனை, தயக்கம். ‘சும்மா’ குறிப்பது அந்த ஒட்டின் இன்மையை. வினையின் இன்மையை அன்று. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற தொடரை இந்த இலக்கணப்படி விரித்தால், ‘விலை பெறாமல் இருக்கிறாள்’ என்றே வரும். உழைக்காமல் இருக்கிறாள் என்ற பொருளைச் சொல் தரவில்லை, கேட்கிறவர் சேர்த்துக்கொள்கிறார்.

இதற்கு அந்தத் தோள்பையில் இருந்த இட்லியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். மூன்று நான்கு மணி நேரம் ஊறவேண்டும். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்துபோல் பொங்கும்வரை அரைக்கவேண்டும். அரிசியை மிக நைசாக அரைத்துவிடக் கூடாது. இரண்டையும் உப்பிட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரம்பாமல் ஊற்றி மூடிவைக்கவேண்டும். அதன்பின் எட்டு முதல் பத்து மணி நேரம் மாவு சும்மா இருக்கிறது. தமிழ் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள்: ‘மாவைக் கிளறாதே, சும்மா இருக்கட்டும்.’ அந்த நேரத்தில் மாவுக்குள் லியூகோநாஸ்டாக் இன நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மாவின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வாயு மாவை மேலே தூக்குகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. விடியற்காலையில் மாவு ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்ந்து மூடியைத் தொடுகிறது. வீட்டிலேயே மிக அதிகமாக வேலை நடந்த இடம் இரவெல்லாம் சும்மா இருந்த அந்தப் பாத்திரம்தான். மாவைச் சும்மா இரு என்று சொன்ன தமிழர் யாரும், மாவு ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்ததில்லை. மாவுக்குச் செய்யும் நியாயத்தை அரைத்தவளுக்குச் செய்ய மனம் வரவில்லை.

அந்த மாவு அரைத்த நேரத்துக்கு இப்போது கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81 விழுக்காடு, ஆண்களில் 26 விழுக்காடு. 2024-இல் மீண்டும் ஆய்வு செய்தபோது 289 நிமிடம், 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வாரம் ஏழு நாள், விடுப்பு கிடையாது. இதற்குப் பெயர் சும்மா.

நம்பிக்கை பேச்சோடு நின்றிருந்தால் பேச்சைத் திருத்தினால் போதும். அது அரசுக் கணக்கிலும் ஏறிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மக்களை வேலை செய்வோர், வேலை செய்யாதோர் எனப் பிரிக்கிறது. சொந்த வீட்டில் சமைப்பவர், துவைப்பவர், குழந்தை வளர்ப்பவர் எல்லாரும் வேலை செய்யாதோர் பட்டியலில் போகிறார்கள். அந்த விளக்கத்துக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. வீட்டுத் தேவைக்கு மட்டுமே மாடு வளர்த்துப் பால் கறப்பவரைக் கணக்கெடுப்பு வேலை செய்வோராக ஏற்கிறது. அந்தப் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, தயிராக்கி, மோர் கடைந்து வீட்டாருக்குக் கொடுப்பவரை ஏற்பதில்லை. மாட்டின் மடியிலிருந்து பால் செம்பில் விழும்வரை வேலை. செம்பு அடுப்படிக்குள் நுழைந்ததும் சும்மா.

மாவுக்கு வருவோம். வீட்டில் அரைத்த மாவு நாட்டின் வருமானக் கணக்கில் இல்லை. அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு உப்பு. தெருமுனைக் கடை ஒன்று அரைத்துப் பாக்கெட்டில் அடைத்து விற்றால் அது தொழில், அது உற்பத்தி. சரக்கு சேவை வரியின் பட்டியலில் இட்லி தோசை மாவுக்கென்று ஒரு வரியே இருக்கிறது. அரைத்துக் கொடுக்கும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்லுக்கு அங்கீகாரம் உண்டு, பாக்கெட்டுக்கு வரி உண்டு, அரைத்த கைக்குப் படிவத்தில் ஒரு கோடு. பொருளியலாளர் பிகு 1920-இல் வெளியிட்ட நூலிலேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்: ஒருவர் சம்பளத்துக்கு வைத்திருந்த வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துபோகும். வேலை குறையவில்லை, தாலி ஏறியதும் அது சும்மாவாகிவிட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் ஓட்டை அப்படியே இருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்த நம்பிக்கையைச் சில இடங்களில் உடைத்திருக்கின்றன. 2001 கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறைவாசிகள் ஆகியோரோடு ஒரே வகையில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். மனைவி வீட்டைச் சுமக்காவிட்டால் கணவர் கடல் கடந்து சம்பாதித்திருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புப் போடுவது அவர் லாரி மோதி இறந்தபிறகு, இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போதுதான். உயிரோடு இருக்கும்வரை சும்மா இருந்தவருக்கு, இறந்தபின் மாத வருமானம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் பெயரிலேயே ‘உரிமை’ என்ற சொல் இருக்கிறது. வீட்டில் ஊதியமின்றி உழைத்ததற்கான அங்கீகாரமாக மாதம் 1,000 ரூபாய். தேநீர்க்கடைப் பெஞ்சுகளில் இதற்கு வைத்த பெயர் ‘சும்மா கொடுக்கிற காசு’. இந்த ஒரு தொடரில் சொல்லை இரண்டு முறை தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாங்குகிறவள் சும்மா இருக்கிறாள் என்பது முதல் தவறு. ஆகவே கொடுப்பது சும்மா என்பது இரண்டாவது. நாளுக்கு ஐந்து மணி நேர வேலைக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால், மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. சும்மா வாங்கிக்கொண்டிருப்பவர் யார் என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் வீட்டு இட்லியைத் தின்னும்போது யோசிக்கவேண்டும்.

உட்காருவது என்றதும் துணிக்கடைப் பெண்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டுத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கவேண்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நண்பகலிலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சும்மா இருப்பதாகத் தெரியும். கால் வீங்கி, நரம்பு சுருண்டு, சிறுநீரை அடக்கி அடக்கி நோய் வாங்கினார்கள். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் ஊழியர்க்கு இருக்கை வைக்கவேண்டும் என்று கட்டாயமாக்கின. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது. நிற்பது வேலை, உட்காருவது சும்மா என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். சட்டம் வந்தபிறகும் பல கடைகளில் நாற்காலி தூணுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

இந்த நம்பிக்கையின் உச்சியில் இருப்பவர்களுக்கு வீடு என்பதே சும்மா. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு விதித்த எல்லை 48 மணி நேரம். 90 மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவரின் சட்டையைத் துவைப்பது யார்? அவர் நடுநிசியில் வந்து தின்னும் தோசைக்கு மாவு முந்தைய நாளே அரைத்தாக வேண்டுமே, அந்த நேரம் எந்த 90-இல் சேரும்? இந்தக் கேள்வி அவர்கள் மனத்தில் எழவே இல்லை. ஏனெனில் அவர்கள் அகராதியில் வீட்டில் நடப்பதெல்லாம் பார்த்துக்கொண்டிருத்தல்தான்.

நிலமும் கடலும்கூட இந்தப் பழிக்குத் தப்பவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ‘படகெல்லாம் சும்மா நிக்குது’ என்று செய்தி வரும். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. கரையில் வலை பின்னுகிறார்கள், இயந்திரத்தைப் பிரித்து மாட்டுகிறார்கள், பலகை மாற்றி வண்ணம் பூசுகிறார்கள். அந்த 61 நாளில் கடலைச் சும்மா விட்டால்தான் ஜூனுக்குப் பிறகு வலையில் ஏதாவது விழும். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயலும் இப்படித்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் நிலம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிவந்து அதில் இரவுதோறும் கிடை போடுகிறார்கள்; புழுக்கையும் சிறுநீரும் அடுத்த போகத்துக்கு உரமாகின்றன. மாவைப் போலவே வயலும் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பொங்குகிறது.

புறம்போக்கு என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதே கதி. ஊருக்குப் பொதுவான ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு ஆகியவற்றைக் குறித்த வருவாய்த் துறைச் சொல் அது. வரி தராத நிலம் என்பதால் பயன் தராத நிலம் என்று ஆக்கினார்கள். பிறகு பயன் தராத மனிதனைத் திட்டும் வசவாகவும் ஆக்கினார்கள். எண்ணூர்க் கழிமுகம் சாம்பலால் மூடிப்போனதும், சென்னையின் சதுப்பு நிலங்கள் கட்டடங்களாக மாறியதும் ‘சும்மாதானே கிடக்கிறது’ என்ற வாக்கியத்தின் துணையோடுதான். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2017-இல் புறம்போக்கு என்ற சொல்லையே தலைப்பாக்கி எண்ணூரில் நின்று பாடினார். அந்தச் சொல்லுக்காவது ஒருவர் வழக்காடினார்.

‘சும்மா’வுக்கு வழக்காடியவர்கள் முன்பே இருந்தார்கள். சித்த மரபிலும் சைவ மரபிலும் சும்மா இருத்தல் என்பது எய்துதற்கரிய நிலை. அருணகிரிநாதர் அதைப் பாடினார். தாயுமானவருக்கு மௌனகுரு தந்த உபதேசமாக அது போற்றப்படுகிறது. 1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், தம்மிடம் வழி கேட்டோருக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ரமணரே ஆசிரமத்து அடுக்களையில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். அங்கே ‘சும்மா’ என்பதில் விலகியது ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணம். கை வேலை விலகவில்லை. சொல்லின் இலக்கணம் அங்கும் மாறவில்லை. மாறியது மதிப்பு மட்டுமே. மலையடிவாரத்தில் ஓர் ஆண் விடியுமுன் காய் நறுக்கினால் அது ஞானியின் சும்மா. தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பெண் அதே நேரத்தில் அதே காயை நறுக்கினால் அது படிவத்தில் ஒரு கோடு. முன்னதைக் கும்பிட்டு வந்தவரே பின்னதைச் சொல்கிறார்.

உழைக்காமல் இருப்பதைக் குறிக்கத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. வள்ளுவர் அதற்கு ‘மடி’ என்று பெயரிட்டு, 61-ஆம் அதிகாரம் முழுவதையும் அதைக் கடிய ஒதுக்கினார். ஆத்திசூடி சோம்பலை விலக்கியது. பேச்சில் வெட்டி உண்டு, தண்டம் உண்டு. வேலை தேடிக் கிடைக்காதவர் நிலை வேலையின்மை. பட்டம் வாங்கி மூன்றாண்டாகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் இளைஞனைச் சும்மா சுற்றுகிறான் என்பதும் பொய்தான். களைத்தவர் எடுப்பது ஓய்வு. கூலி இல்லாமல் செய்வது ஊதியமில்லா உழைப்பு. இத்தனை சொல்லையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ‘சும்மா’வை இழுப்பது அந்தச் சொல்லுக்கும் செய்யும் அநியாயம், அதைத் தாங்குபவருக்கும் செய்யும் அநியாயம்.

படிவங்களில் தொழில் என்ற கட்டத்தை நிரப்ப ‘இல்லப் பராமரிப்பு’ என்ற தொடர் போதும். பொருளும் சரி, இடமும் கொள்ளும். அன்றைய பள்ளிப் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு வேண்டிய அகலம் இருந்தது.